கட்டி சுருங்கியதா, ஸ்கேன் எடுத்த கை அழுத்தியதா?

"சுண்டெலிகளுக்குப் புற்றுநோய் மருந்து கொடுத்து, அது கேட்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்க்கிறார்களாமே. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே மெஷின்தானா? ஸ்கேனில் கட்டி சிறுத்துத் தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?" இதுதான் கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். தத்துவம் ஒன்றுதான், மெஷின் வேறு. இரண்டாவது பாதியில்தான் ஆள் ஆளுக்குச் சறுக்குகிறோம். நானும் சறுக்கியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

ஸ்கேன் எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். பழைய முறையில் புற்றுச் செல்களைச் சுண்டெலியின் விலாப்பக்கத்துத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். சில வாரங்களில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வெளியே தெரியும். காலிப்பர் என்ற இடுக்கி அளவுகோலை வைத்து நீளம், அகலம் இரண்டையும் அளப்பார்கள். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் கன அளவு. இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களில் இதுதான் நடக்கிறது, மலிவு, ஒரு எலிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஆனால் அந்தச் சூத்திரத்தில் உயரம் இல்லை. உயரமும் அகலமும் ஒன்றுதான் என்று நாமே வைத்துக்கொள்கிறோம். காலிப்பரின் இரண்டு தாடைக்குள்ளும் கட்டியோடு சேர்ந்து தோலும், முடியும், கொஞ்சம் வீக்கமும் மாட்டிக்கொள்ளும். கன அளவு என்பது மூன்று அளவுகளின் பெருக்கல் என்பதால் சின்னப் பிழை பெரிதாக ஊதிவிடும். ஒவ்வொரு அளவிலும் 10 சதவீதம் கூடிப்போனால் கன அளவில் 33 சதவீதம் கூடிவிடும். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் கன அளவு சுமார் 113 கன மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் என்றால் 65 தான். ஒரு மில்லிமீட்டர் தவறினால் கட்டி கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது போலத் தெரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல், தோலுக்கடியில் வளர்க்கும் கட்டி நிஜமான புற்றுநோய் மாதிரி நடந்துகொள்வதில்லை. கணையப் புற்று கணையத்தில் வளர வேண்டும், கல்லீரல் புற்று கல்லீரலில் வளர வேண்டும். அங்கே வளர்ந்தால் காலிப்பருக்கு எட்டாது. முன்பெல்லாம் வாராவாரம் சில எலிகளைக் கொன்று, அறுத்துப் பார்த்துதான் கட்டி எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்துகொள்வார்கள். இரண்டு குழு, குழுவுக்கு 8 எலி, ஐந்து முறை பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுத்துப் பார்ப்பதானால் 80 எலிகள் வேண்டும். ஸ்கேனில் பார்ப்பதானால் அதே 16 எலிகளை ஐந்து முறையும் பார்க்கலாம். விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வலியைக் குறைக்க வேண்டும் என்று பிரிட்டன் விஞ்ஞானிகள் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் எழுதி வைத்தார்கள், அதற்கு இது நேரடியான வழி. புள்ளியியல் கணக்குக்கும் நல்லது. ஒரே எலியின் முதல் வாரத்தையும் நான்காம் வாரத்தையும் ஒப்பிடுவது, இரண்டு வேறு எலிகளை ஒப்பிடுவதைவிட எவ்வளவோ மேல்.

இனி மெஷின். திசுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகிறது. வயிற்று ஸ்கேனுக்கு உடம்பின் மேல் வைக்கும் கருவி, அதாவது ப்ரோப், 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். 5 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். அலைநீளத்தைவிடச் சிறிய விவரத்தைப் படத்தில் எதிர்பார்க்க முடியாது. மனிதச் சிறுநீரகத்துக்கு இது தாராளம், சுண்டெலியின் சிறுநீரகமே ஒரு சென்டிமீட்டர்தான். அதனால் சுண்டெலிக்கு 20 முதல் 70 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் கருவிகள் வந்தன. 40 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.04 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. அதிர்வெண் ஏற ஏற ஒலியைத் திசு உறிஞ்சிவிடும், 40 மெகாஹெர்ட்ஸில் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உருப்படியாக எதுவும் தெரியாது. மனிதனுக்கு இது உதவாது. 25 கிராம் எடையுள்ள ஜீவனுக்கு அந்த ஆழமே போதும்.

இந்தத் துறையின் ஊர் என்றால் கனடாவின் டொராண்டோவைச் சொல்லலாம். அங்கே சன்னிபுரூக் மருத்துவமனையில் ஸ்டூவர்ட் ஃபாஸ்டர் பல வருடம் உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்டில் உழைத்து, 1999-இல் விஷுவல்சோனிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய வீவோ வரிசைக் கருவிகள்தான் இன்று உலகெங்கும் விலங்கு ஆய்வகங்களில் இருப்பவை. நிறுவனம் பின்னால் சோனோசைட்டுக்குப் போய், அங்கிருந்து ஃபியூஜிஃபில்முக்குப் போனது.

அந்த மெஷின் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். தைராய்டுக்கும் மூட்டுகளுக்கும் வைத்திருக்கும் 15, 18 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் கிடைத்தால், 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தோலடிக் கட்டியை அதிலேயே அளக்கலாம். உயரமும் சேர்த்து மூன்று அளவும் கிடைக்கும் என்பதால் காலிப்பரைவிட நல்ல கணக்கே வரும். உள்ளுறுப்புக் கட்டியை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்றால்தான் அது பத்தாது.

ஸ்கேன் எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்ப்போம். சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்கவாயு, ஒன்றிரண்டு நிமிடத்தில் சுண்டெலி சாய்ந்துவிடும். சூடேற்றிய பலகையில் மல்லாத்திக் கிடத்தி, மூக்கை மயக்கவாயு வரும் கூம்புக்குள் வைத்து, நான்கு பாதங்களையும் பலகையில் இருக்கும் உலோகத் தகடுகளில் ஜெல் தடவி டேப் போட்டு ஒட்ட வேண்டும். அந்தத் தகடுகள் வழியாகவே இதயத்துடிப்பும் மூச்சும் திரையில் வந்துவிடும். மயக்கத்தில் கண் மூடாது, உலர்ந்துவிடாமல் களிம்பு வைக்க வேண்டும். வயிற்றில் ஷேவரை ஓட்டி, முடி நீக்கும் க்ரீமைத் தடவி, ஒரு நிமிடத்தில் ஈரப்பஞ்சால் துடைத்துவிட வேண்டும். மறந்து விட்டால் தோல் வெந்துபோகும். ஒற்றை முடி நின்றாலும் அதில் காற்று ஒட்டிக்கொண்டு படத்தில் கறுப்புக் கோடாக விழும். ஜெல்லிலும் காற்றுக்குமிழி இருக்கக்கூடாது. நாங்கள் ஜெல் பாட்டிலை முந்தின நாளே வாயைக் கீழே வைத்துக் கவிழ்த்து வைப்போம், குமிழி எல்லாம் மேலே ஏறிவிடும். குளிர்ந்த ஜெல்லை அப்படியே ஊற்றினால் அந்தச் சின்ன உடம்பின் சூடு சட்டென்று இறங்கிவிடும், அதனால் வெதுவெதுப்பாக்கித்தான் ஊற்ற வேண்டும்.

கணையத்தைத் தேடுவதற்கு முதலில் மண்ணீரலைப் பிடிக்க வேண்டும். இடது பக்கம், தோலுக்குச் சற்றுக் கீழே, நாக்குப் போல ஒரு சீரான பட்டை. அதன் அடியில் இடது சிறுநீரகம். இரண்டுக்கும் நடுவே மினுக்கமாக, பஞ்சு மாதிரி கிடப்பது கணையம். அதற்குள் கறுத்து, உருண்டு, பக்கத்து ரத்தக்குழாயைத் தள்ளிக்கொண்டு ஒன்று இருந்தால் அதுதான் கட்டி. குடலில் வாயு இருந்தால் அன்றைக்கு எல்லாம் மறைந்துபோகும், வயிற்றைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். கட்டி கிடைத்ததும் ப்ரோப்பை ஸ்டாண்டில் மாட்டி மோட்டாரை ஓட்டினால், 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு என்று படம் எடுத்துக்கொண்டே போகும். மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்கும் என்பதால், இரண்டு மூச்சுக்கு நடுவில் மட்டும் படம் பிடிக்கச் சொல்லி மெஷினில் அமைத்துவிடலாம். பிறகு உட்கார்ந்து துண்டு துண்டாகக் கட்டியின் ஓரத்தை வரைய வேண்டும். கண் எரியும் வேலை.

இப்போது என் கதை. தொடக்க காலத்தில் ஒரு மருந்துக்கு வாராவாரம் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது வாரம், வழக்கமாக எடுப்பவர் லீவு, வேறொருவர் எடுத்தார். மருந்து கொடுத்த எலிகளில் கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தது. ரத்தம் ஓடுவதை ஒலியால் அளக்கும் டாப்ளர் முறையில் பார்த்தால், ரத்த ஓட்டமும் குறைந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், ஸ்லைடுகூடப் போட்டாயிற்று. அப்புறம்தான் வெறும் உப்பு நீர் கொடுத்த எலிகளின் படங்களைத் திறந்தோம். அவற்றிலும் கட்டி சுருங்கியிருந்தது. நடந்தது இதுதான்: புதியவர் ப்ரோப்பை ஸ்டாண்டில் மாட்டாமல் கையில் பிடித்து, படம் தெளிவாக வரட்டும் என்று அழுத்தியிருக்கிறார். சுண்டெலியின் வயிறு ரப்பர் பலூன் மாதிரி, அழுத்தினால் கட்டி தட்டையாகிப் பக்கவாட்டில் பிதுங்கும். பார்க்கும் தளத்தில் உயரம் குறைந்து, உள்ளே போகும் சின்ன ரத்தக்குழாய்களும் நசுங்கிவிடும். மருந்து செய்ததாக நினைத்த இரண்டையும் செய்தது ஒரு கட்டைவிரல்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். தோலுக்கும் ப்ரோப்புக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் ஜெல், திரையின் மேல் ஓரத்தில் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தாக வேண்டும். பட்டை இல்லாத படம் செல்லாது. ஓரம் வரைபவருக்கு அது எந்த எலி, எந்தக் குழு, எத்தனையாவது வாரம் என்று தெரியக்கூடாது. தெரிந்தால் கை தானாகவே உள்பக்கம் வரையும், நேர்மையான ஆளாக இருந்தாலும்.

சரி, அழுத்தவே இல்லை, அளவு சரிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது சுருங்கினால் மருந்து கேட்கிறது, சுருங்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்லலாமா? அதுவும் இல்லை. சில மருந்துகள் கட்டியின் ரத்தக்குழாய்களைத்தான் தாக்கும். 2002-இல் டொராண்டோ குழு ஒன்று, அப்படிப்பட்ட இசட்டி6126 என்ற மருந்தைச் சுண்டெலியில் வளர்த்த மெலனோமா என்ற தோல் புற்றுக் கட்டிகளில் உயர் அதிர்வெண் டாப்ளரால் பார்த்தது. ஊசி போட்டு 4 மணி நேரத்தில் ரத்த ஓட்டம் விழுந்தது. 24 மணி நேரத்தில் திரும்பி வந்தது. கட்டியின் நடுப்பகுதி செத்துப்போயிருக்க, விளிம்பு உயிரோடு இருந்தது. காலிப்பர் வைத்திருந்த ஒருவர் அந்த ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அளந்திருந்தாலும் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதியிருப்பார். எதிர்ப்பாற்றல் சிகிச்சையில் இன்னொரு வேடிக்கை உண்டு: வெள்ளணுக்கள் கூட்டமாக உள்ளே புகுந்து வீங்குவதால், மருந்து கேட்கும்போதே கட்டி கொஞ்ச நாள் பெருத்துக்காட்டலாம்.

ரத்த ஓட்டத்தை நுணுக்கமாகப் பார்க்க நுண்குமிழிகள் இருக்கின்றன. கொழுப்பு உறைக்குள் அடைத்த வாயு, ஒவ்வொன்றும் சில மைக்ரோமீட்டர் விட்டம், ஏறத்தாழ சிவப்பணு அளவு. வால் சிரையில் ஏற்றினால் ரத்தம் போகும் இடமெல்லாம் போகும், குழாயை விட்டு வெளியே கசியாது. எம்ஆர்ஐக்குக் கொடுக்கும் சாயங்கள் கசியும், அதனால் அங்கே கணக்கு சிக்கலாகும். குமிழிகள் ஒலியில் நடுங்கித் தனி மாதிரியான எதிரொலி தரும், மெஷின் திசுவின் ஒலியைக் கழித்துவிட்டுக் குமிழிகளை மட்டும் காட்டும். பிறகு பலமான ஒரு துடிப்பு கொடுத்து அந்தத் தளத்திலுள்ள குமிழிகளையெல்லாம் உடைத்துவிடுவோம். திரை இருண்டு, பிறகு மெல்ல மெல்ல நிறையும். எவ்வளவு வேகமாக நிறைகிறது என்பது ஓட்டத்தின் வேகம், கடைசியில் எவ்வளவு பிரகாசம் என்பது ரத்தத்தின் அளவு. பார்க்க அழகாக இருக்கும், மயிரிழைபோல ஒவ்வொரு குழாயாக விளக்கேறும். ஆனால் குமிழிகள் தொட்டாற்சிணுங்கி. மெல்லிய ஊசி வழியாக வேகமாகத் தள்ளினாலே உடைந்துவிடும். இரண்டு எலிக்கு ஒரே அளவு ஏற்றினோம் என்று நாம் நினைத்திருக்க, ஒன்றுக்குப் போனது பாதிதான் என்று பின்னால் தெரியும்.

இந்தக் குமிழிகள் ஒரு பெரிய கதையில் பங்கெடுத்தன. கணையப் புற்றுக்கு ஜெம்சைட்டபீன் என்ற மருந்து, தோலடியில் ஒட்டவைத்த கட்டிகளில் நன்றாகக் கேட்கும், மனிதர்களில் அவ்வளவாகக் கேட்காது. கேபிசி என்று ஒரு சுண்டெலி இனம் உண்டு, கணையத்தில் கேராஸ், பி53 என்ற இரண்டு மரபணுக்களை மாற்றியிருப்பார்கள், புற்று தானாகவே அங்கே உருவாகும். ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு வயதில் கட்டி வருவதால், தவறாமல் ஸ்கேன் எடுத்து, குறிப்பிட்ட அளவுக்குக் கட்டி வந்த எலியைத்தான் ஆய்வில் சேர்க்க முடியும். அல்ட்ராசவுண்ட் இல்லாமல் அந்த ஆய்வையே தொடங்க முடியாது. கேம்பிரிட்ஜில் டேவிட் டூவ்சன் குழுவில் கென்னத் ஆலிவும் மற்றவர்களும் அந்த எலிகளுக்கு நுண்குமிழி ஏற்றிப் பார்த்தார்கள். சுற்றியிருந்த திசு பிரகாசமாக நிறைந்தது, கட்டி இருட்டாகவே கிடந்தது. கட்டியைச் சுற்றி நார்த்திசு கெட்டியாகக் கட்டிக்கொண்டு, உள்ளே ரத்தக்குழாய்களே குறைவு. மருந்து உள்ளே போகவே வழியில்லை. நார்த்திசுவை வளர்க்கும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை ஐபிஐ-926 என்ற மருந்தால் தடுத்ததும், ரத்தக்குழாய்கள் கூடின, ஜெம்சைட்டபீன் உள்ளே போனது, எலிகள் கூடுதல் நாள் பிழைத்தன. 2009-இல் வெளியான அந்த ஆய்வுக்குத் துறையில் பெரிய வரவேற்பு.

மனிதர்களில் அது எடுபடவில்லை. அந்த மருந்தை வைத்திருந்த இன்ஃபினிட்டி நிறுவனம் 2012 ஜனவரியில் கணையப் புற்றுச் சோதனையை நிறுத்தியது, மருந்து சேர்த்துக்கொண்டவர்களின் நிலை சேர்க்காதவர்களைவிட மோசமாக இருந்ததால். 2014-இல் வேறொரு குழு, சுண்டெலியில் அந்தச் சமிக்ஞையை மரபணு அளவில் நீக்கிப் பார்த்தபோது கட்டி இன்னும் மூர்க்கமாக வளர்ந்ததைக் காட்டியது. நார்த்திசு வேலி மாதிரி கட்டியைக் கொஞ்சம் அடக்கியும் வைத்திருந்தது போலும்.

சிலர் இதை வைத்து அல்ட்ராசவுண்ட் ஏமாற்றிவிட்டது என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்கேன் சொன்னது உண்மைதான், ரத்தம் உள்ளே போனது. ரத்தம் போனால் நோயாளி பிழைப்பார் என்பது ஸ்கேன் சொல்லாத விஷயம், நாம் சேர்த்துக்கொண்டது. 2009 கட்டுரையிலேயே அந்தப் பலன் தற்காலிகமானது என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தையைத்தான் பலரும் தாண்டிப்போய்விட்டார்கள்.

செல்கள் சாகின்றனவா என்பதையும் ஒலியிலேயே கேட்க முடியும். டொராண்டோவிலேயே கிரெகரி ஸார்னோட்டாவும் மற்றவர்களும் 1990-களில், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்த ரத்தப்புற்றுச் செல்களை 40 மெகாஹெர்ட்ஸில் பார்த்தார்கள். செல் சாகும்போது அதன் உட்கரு சுருங்கிக் கெட்டியாகும், துண்டாகும். அதனால் திரும்பி வரும் ஒலி பலமாகும், படத்தில் அந்த இடம் வெளுக்கும். கட்டி சுருங்குவதற்கு முன்பே இது தெரியும் என்பதுதான் இதன் மதிப்பு. பின்னால் இதையே மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுக்கும் பெண்களில், சாதாரண ஆஸ்பத்திரி அதிர்வெண்ணில் முயன்றார்கள். ஆனால் இதில் படத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, மெஷினின் கச்சா சமிக்ஞையை எடுத்து, தெரிந்த ஒரு பொருளோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். பிரகாசம் கூட்டும் பொத்தானைத் திருகிவிட்டு "வெளுத்திருக்கிறது" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதை ரத்தம் உறிஞ்சி எழுப்பும் ஒலியைக் கேட்கும் ஒளியொலி முறையும் இருக்கிறது. ஆக்சிஜன் உள்ள ரத்தம், இல்லாத ரத்தம் இரண்டையும் பிரித்துக் காட்டும். இதில் ஒரு எச்சரிக்கை போதும்: மயக்கவாயுவை ஆக்சிஜனில் கலந்து கொடுத்தீர்களா, அறைக்காற்றில் கலந்தீர்களா என்பதை மாற்றினால் அளவும் மாறிவிடும். கட்டியின் கடினத்தை அளக்கும் முறையும் உண்டு. அதை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, விட்டுவிடுகிறேன்.

எங்கெல்லாம் அல்ட்ராசவுண்டை நம்பக்கூடாது என்றால், நுரையீரல், எலும்பு, வளர்ந்த எலியின் மூளை. காற்றும் எலும்பும் ஒலியைத் திருப்பி அடித்துவிடும். நுரையீரலில் பரவலைப் பார்க்க மைக்ரோ சிடி, மூளைக்கு எம்ஆர்ஐ. உடம்பு முழுக்க எங்கே பரவியது என்று தேடவும் இது ஆகாது, அதற்கு மின்மினிப் பூச்சியின் நொதியைப் புற்றுச் செல்லில் ஏற்றி ஒளிரச் செய்யும் முறை நல்லது. அங்கும் கட்டியின் நடுவில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஒளி மங்கும், சுருங்கிவிட்டது போலத் தெரியும். குற்றமில்லாத கருவி கிடையாது.

கேள்வியில் கேட்காத ஒன்று, ஆனால் யாராவது கேட்பார்கள்: எலிக்கு வலிக்குமா? ஒலியால் வலி இல்லை. அடிக்கடி மயக்கம் கொடுப்பதுதான் அதற்குப் பாரம். ஐசோஃப்ளூரேன் கூடினால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும், ரத்த ஓட்டக் கணக்கும் கூடவே இறங்கும். துடிப்பு நிமிடத்துக்கு 400-க்குக் கீழே போனால் நாங்கள் வாயுவைக் குறைத்து, எலி தேறும்வரை காத்திருப்போம். முடிந்தவரை 20 நிமிடத்துக்குள் முடித்துவிடப் பார்ப்போம். முடிந்ததும் வயிற்றிலிருக்கும் ஜெல்லை ஒட்டத் துடைக்க வேண்டும். நனைந்த வயிறோடு கூண்டில் விட்டால் குளிரில் விறைத்துப்போகும், ஸ்கேனில் பிழைத்த எலி கூண்டில் செத்ததும் உண்டு. துடைத்து, வெதுவெதுப்பான தனிக் கூண்டில் விட்டு, அது எழுந்து நாலு எட்டு வைத்து மீசையைத் தடவிக்கொள்ளும் வரை பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் அடுத்த எலியை எடுப்போம்.